வேறொருவருடைய வருத்தத்தை வாசிக்காதீர்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். தன் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம் என்று கேட்டதால் போடவில்லை. கடிதம் நான்கு பக்கம், சுருக்கித் தருகிறேன்.

"என் மகனுக்கு 12 வயது. இரண்டு வருடமாக அடிக்கடி தடக்கி விழுகிறான், கணுக்கால் சுளுக்கிக்கொள்கிறது. எழுதுவதும் மெதுவாம், வகுப்பில் நோட்ஸ் முடிக்கிறான் இல்லையாம். கிளினிக்கில் காட்டினோம். கரண்ட் வைத்து நரம்பு டெஸ்ட் எடுத்தார்கள். பிறகு கணவரையும் வரச் சொல்லி அவருக்கும் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வருத்தம், பரம்பரையாக வருவது, மருந்து இல்லை, ஆறு மாதத்தில் வாருங்கள் என்றார்கள். டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் விளங்கிக்கொண்டு வந்து வீட்டில் ஆங்கிலத்தில் தேடினேன். கிளினிக் புத்தகத்தில் சி.எம்.ரி என்று மூன்று எழுத்துத்தான் இருக்கிறது. முழுப் பெயரைக் கண்டுபிடித்தால் அதில் பல் வருகிறது. தமிழில் தேடினால் நரம்புத் தளர்ச்சி லேகிய விளம்பரம். ஆங்கிலத்தில் ஒரு இடத்தில் ஆயுள் சாதாரணமாக இருக்கும் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் சக்கர நாற்காலி, மூச்சுத் திணறல் என்கிறார்கள். நான்கு இரவாக நித்திரை இல்லை. மாமி எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார். 8 வயது மகளும் இருக்கிறாள். விளங்கும்படி எங்கே வாசிக்கலாம் என்று மட்டுமாவது சொல்லுங்கள்."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பல் விஷயத்தை முடித்துவிடுவோம். பல்லுக்கும் இந்த வருத்தத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. டூத் என்றால் ஆங்கிலத்தில் பல், ஆனால் இங்கே அது ஒரு டொக்டரின் பெயர். 1886 இல் பாரிஸில் சார்கோ, மரி என்ற இருவரும், அதே வருடம் இங்கிலாந்தில் ஹவார்ட் ஹென்றி டூத் என்பவரும் தனித்தனியாக இந்த வருத்தத்தை விவரித்து எழுதினார்கள், மூவர் பெயரையும் சேர்த்து சார்கோ-மரி-டூத் என்று ஆகிவிட்டது, சுருக்கமாக சி.எம்.ரி. இது முதுகுத்தண்டுக்குள் இருக்கிற கோளாறு இல்லை, அதற்கு வெளியே கைக்கும் காலுக்கும் ஓடுகிற நரம்பில் இருக்கிற கோளாறு என்று சரியாகச் சொன்னவர் அந்த டூத்தான். மொழிபெயர்ப்பு இயந்திரத்துக்கு அது ஆளின் பெயர் என்று தெரியாது, பல் என்று மாற்றிவிடும். அதனால் இந்தப் பெயரைத் தேடும்போது ஆங்கில எழுத்திலேயே தேடுங்கள், தமிழாக்க விடாதீர்கள்.

இனி உங்கள் நித்திரையைக் கெடுத்த விஷயம். ஒரு இடத்தில் சாதாரண ஆயுள், இன்னொரு இடத்தில் மூச்சுத் திணறல் என்று வாசித்தீர்கள் அல்லவா, இரண்டும் பொய் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே வருத்தத்தைப் பற்றியவை இல்லை. சி.எம்.ரி என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. அதற்குள்ளே நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்களில் ஏதாவது ஒன்றில் வரும் பிழையால் உண்டாகிற வருத்தங்கள் அடங்கியிருக்கின்றன. கைக்குழந்தையிலேயே கடுமையாகத் தொடங்குகிற வகையும் இருக்கிறது, 50 வயதில் செருப்பு அடிக்கடி கழன்று போகிறதே என்று வந்து காட்டுகிற வகையும் இருக்கிறது. குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் உங்களுக்கு வருவது யாரோ ஒருவருடைய வருத்தம்.

சில வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்தார், வங்கியில் வேலை. கையில் ஒரு ஃபைல், அறுபது பக்கம் இருக்கும், எல்லாம் வீட்டில் பிரின்ட் எடுத்தது, மஞ்சள் பேனையால் வரி வரியாகக் கோடு போட்டிருந்தார். கோடு போட்ட இடமெல்லாம் குரல் நாண் பலவீனம், உதரவிதானம், மூச்சு. அதை வாசித்துவிட்டு வீட்டில் நடந்துகொண்டிருந்த கலியாணப் பேச்சை நிறுத்தி வைத்திருந்தார். அவர் வாசித்தது 2சி என்ற வகையைப் பற்றி, அது உண்மையில் குரலையும் மூச்சையும் பாதிக்கக்கூடியது. அவருக்கு இருந்ததோ 1ஏ. அறுபது பக்கத்தில் ஒரு பக்கம்கூட அவருடைய வருத்தத்தைப் பற்றியது இல்லை. பிழை அவருடையது இல்லை, அவருடைய புத்தகத்தில் வகையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் என் நோயாளிகளுக்கு முழுப் பெயரையும் வகையையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்காமல் அனுப்புவதில்லை.

ஆகவே எங்கே வாசிப்பது என்று நீங்கள் கேட்டதற்கு முன்னால், எதை வாசிப்பது என்று தெரிய வேண்டும். உங்கள் விஷயத்தில் அது பாதி இப்போதே தெரிகிறது, நீங்கள் அனுப்பிய ரிப்போட்டின் படத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். படத்தை வைத்து நான் வருத்தத்தை உறுதிப்படுத்த முடியாது, அது உங்கள் டொக்டரின் வேலை, ஆனால் அந்தத் தாளை எப்படி வாசிப்பது என்று காட்டலாம்.

தாளில் கை நரம்பு ஒன்றின் பெயரும் அதற்கு நேரே ஒரு வேகமும் இருக்கிறது. மகனுக்கு 21, கணவருக்கு 24. செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்று அர்த்தம், அதாவது கரண்ட் வைத்துத் தட்டிய செய்தி நரம்பு வழியாக ஓடிய வேகம். சாதாரணமாகப் பெரிய ஆட்களின் கையில் இது 50 அளவில் அல்லது அதற்கு மேலே இருக்கும். நாங்கள் 38 என்ற எண்ணில் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே போனால் நரம்பைச் சுற்றியிருக்கிற உறையில் பழுது, அது 1 ஆம் வகை. வேகம் 38க்கு மேலே இருந்து செய்தியின் பலம் மட்டும் குறைந்திருந்தால் உள்ளே இருக்கிற இழையில் பழுது, அது 2 ஆம் வகை. வீட்டு வயரை நினைத்துக்கொள்ளுங்கள், மேலே பிளாஸ்டிக், உள்ளே செம்பு. உங்கள் வீட்டில் இரண்டு எண்ணும் 38க்கு நன்றாகக் கீழே, இரண்டும் ஒன்றுக்கொன்று கிட்ட.

இன்னொன்றும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அப்பாவுக்கும் இருக்கிறது, மகனுக்கும் இருக்கிறது. எக்ஸ் என்ற நிறமூர்த்தம் (மரபணுக்கள் அடங்கிய குரோமோசோம்) வழியாக வருகிற ஒரு வகை உண்டு, ஆங்கிலப் பக்கங்களில் நீங்கள் அதையும் பார்த்திருப்பீர்கள். அப்பா மகனுக்குக் கொடுப்பது வை, எக்ஸ் இல்லை. எனவே அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த வருத்தம் அந்த வகையாக இருக்க முடியாது. தாயும் தகப்பனும் இருவரும் சுகமாக இருந்து, இரண்டு பக்கமும் மறைந்திருந்த பிழை பிள்ளையில் சேர்ந்து வருகிற 4 ஆம் வகையும் உங்கள் கதைக்குப் பொருந்தவில்லை. அந்த 4 ஆம் வகையைப் பற்றித்தான் அதிகம் பயமுறுத்துகிற பக்கங்கள் இருக்கின்றன. ஆக, பெரும்பாலும் 1 ஆம் வகை. அந்த 1 ஆம் வகைக்காரரில் நூற்றுக்கு 70 முதல் 80 பேருக்கு இருப்பது 1ஏ.

1ஏ என்றால் என்ன? பாடசாலையில் நிறமூர்த்தம் என்று படித்திருப்பீர்கள், அதில் 17 ஆவதில் ஒரு சிறு துண்டு ஒரு தடவை கூடுதலாக எழுதப்பட்டுவிடுகிறது, 1991 இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் துண்டுக்குள் நரம்பின் உறைக்குத் தேவையான ஒரு புரதத்தின் மரபணு இருக்கிறது, பி.எம்.பி 22 என்பார்கள். எல்லோருக்கும் அது இரண்டு பிரதி, இவர்களுக்கு மூன்று. உப்பு கூடிப்போன கறி மாதிரி, ஒன்றும் குறையவில்லை, ஒன்று கூடிவிட்டது, அதனால் உறை ஒழுங்காக அமைவதில்லை. உறை கெட்டால் காலப்போக்கில் உள்ளே இருக்கிற இழையும் மெலிகிறது, உண்மையில் பலவீனம் வருவது அதனால்தான்.

ஏன் காலில் தொடங்குகிறது என்று மகன் கேட்டானாம். நல்ல கேள்வி. கால்விரலுக்குப் போகிற நரம்பு இடுப்புக்கு மேலே முதுகில் தொடங்கி விரல் நுனிவரை வருகிறது, பெரிய ஆளுக்கு ஒரு மீற்றர் நீளம். உடம்பிலேயே நீளமான நரம்புதான் முதலில் களைக்கும். அதனால் முதலில் பாதம், பிறகு கெண்டைக்கால், அப்புறம்தான் கைவிரல். பாதத்தை மேலே தூக்குகிற தசை பலம் குறைவதால் கால்நுனி நிலத்தில் தட்டுகிறது, அவன் தடக்கி விழுவது கவனக்குறைவால் இல்லை. தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள், "பார்த்து நட" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பான் அந்தப் பிள்ளை.

நரம்பு என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும், தமிழில் தேடினால் ஏன் குழம்புகிறது என்பதற்குப் பாதிக் காரணம் அது. நாம் கையில் பச்சையாகத் தெரிகிற இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம், குதிக்காலுக்கு மேலே கயிறு மாதிரி இழுபடுகிறதையும் நரம்பு என்கிறோம், மூளையின் செய்தியைக் கொண்டுபோகிறதையும் நரம்பு என்கிறோம். உங்கள் டொக்டர் சிங்களத்தில் ஸ்நாயு என்று சொல்லியிருப்பார், அது மூன்றாவது. மாமி எண்ணெய் போடச் சொல்வது இரண்டாவதை நினைத்து. நரம்புத் தளர்ச்சி என்று விளம்பரத்தில் வருவது இந்த மூன்றில் எதுவுமே இல்லை, அது களைப்பு, படபடப்பு, ஆண்மைக் குறைவு என்று எல்லாவற்றையும் போட்டு வைத்திருக்கிற ஒரு மூட்டை. அந்தச் சொல்லைப் போட்டுத் தேடாதீர்கள். தமிழில் தேட வேண்டுமென்றால் "புற நரம்பு" என்று போடுங்கள், மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் வெளியே இருக்கிற நரம்புக்கு அதுதான் பெயர்.

மாமியோடு சண்டை வேண்டாம். எண்ணெய் தேய்ப்பதால் இந்த வருத்தம் மாறாது, ஆனால் மெதுவாகத் தேய்ப்பதால் கெடுதலும் இல்லை, பேரனின் காலை மடியில் வைத்துக்கொள்ள அவருக்கும் ஒரு வழி வேண்டும்தானே. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: சூடான எண்ணெய் வேண்டாம், சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டாம். பாதத்தில் சூடு தெரிகிற நரம்பும் மங்கியிருக்கும், கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். இது கணவருக்கும்தான். ஆடிவேலுக்கு வெறுங்காலோடு தார் ரோட்டில் நடக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், வந்தவுடன் உள்ளங்காலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

சரி, இப்போது கிளினிக்கில் என்ன கேட்பது. கிளினிக்கில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது சில நிமிடம், வெளியே நூறு பேர். அந்த நிமிடத்தில் "இது என்ன வருத்தம்" என்று கேட்டால் நீங்கள் ஏற்கனவே கேட்ட பதில்தான் வரும். பதிலாக, மூன்றை எழுதித் தரச் சொல்லுங்கள். முழுப் பெயரும் வகையும் என்ன, வகை இன்னும் தெரியாது என்றால் உறை வகையா இழை வகையா என்பதையாவது. மரபணுச் சோதனை தேவையா, எந்தச் சோதனை முதலில். பாதத்துக்கு யாரிடம் போக வேண்டும். புத்தகத்தில் அவர் எழுதுவது ஆங்கிலமாக இருந்தால் இன்னும் நல்லது, அந்த எழுத்தை அப்படியே பார்த்துத் தேடலாம். சிங்களம் முழுதாக விளங்காவிட்டால், வெட்கப்படாமல் "திரும்பச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள், அல்லது சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஆனால் மகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். கொழும்புப் பிள்ளைகள் நம்மைவிட நல்ல சிங்களம் கதைப்பார்கள், அதற்காகத் தன் வருத்தத்தைத் தானே அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நிலை ஒரு பிள்ளைக்கு வரக்கூடாது.

மரபணுச் சோதனை பற்றி ஒரு எச்சரிக்கை, இதில் காசை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டு எண்களுக்கு முதலில் செய்ய வேண்டியது 17 ஆவது நிறமூர்த்தத்தின் அந்தத் துண்டு இரட்டித்திருக்கிறதா என்று பார்க்கும் தனிச் சோதனை. நூறு மரபணுவை ஒன்றாகப் பார்க்கிறோம் என்று விற்கிற பெரிய சோதனைகள் எழுத்துப் பிழையைத் தேடுவதில் கெட்டிக்காரத்தனம் உள்ளவை, ஒரு முழுத் துண்டு இரண்டு தடவை வந்திருப்பதைச் சில சமயம் தவறவிட்டுவிடும். "இரட்டிப்பையும் பார்த்தீர்களா" என்று கேளுங்கள். சோதனைக்கு முன்பும் பின்பும் கதைக்க ஒரு இடம் வேண்டும், கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில், கின்ஸி வீதியில், 1983 இல் தொடங்கிய மனித மரபியல் பிரிவு இருக்கிறது, அங்கே மரபணு ஆலோசனை கொடுக்கிறார்கள். உங்கள் டொக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி, போகும் முன் தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். ரிப்போட்டில் "அர்த்தம் நிச்சயமில்லாத மாற்றம்" என்ற மாதிரி வந்தால் அது ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, அதை வைத்து வீட்டில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

இனி வாசிக்கும் இடங்கள். முதலில் மெட்லைன்பிளஸ், அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துகிற இணையத்தளம், இலவசம். அதில் மரபியல் பகுதி தனியாக இருக்கிறது, பாடசாலை ஆங்கிலம் போதும், ஒரு பக்கத்தை ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தில் வாசித்துவிடலாம். அடுத்தது பிரித்தானிய அரச சுகாதார சேவையான என்.எச்.எஸ் இன் பக்கம், அன்றாட வாழ்க்கை, சப்பாத்து, பயிற்சி என்று வீட்டு விஷயங்களை நேராகச் சொல்கிறது. இந்த இரண்டையும் வாசித்து முடிக்கும்வரை வேறு எதையும் திறக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

இவற்றுக்குப் பிறகு ஜீன்ரிவ்யூஸ், மரபணு வருத்தங்களைப் பற்றிய ஒரு இணையப் புத்தகம். இது டொக்டர்களுக்காக எழுதப்பட்டது, பாரமான ஆங்கிலம், ஆனால் யாரும் இலவசமாக வாசிக்கலாம், எழுதியவர்கள் அந்தந்த வருத்தத்தைப் பார்க்கிறவர்கள், கடைசியாகத் திருத்திய திகதியும் போட்டிருக்கும். இதை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டாம். பராமரிப்பு என்ற பகுதியை மட்டும் பிரின்ட் எடுத்து கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள், அரிய வருத்தம் என்பதால் எந்த டொக்டருக்கும் அது கைகொடுக்கும், யாரும் கோபிக்க மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை. ஓர்ஃபனெட் என்று பிரான்சில் 1997 இல் தொடங்கிய ஒன்று இருக்கிறது, அரிய வருத்தங்களுக்கு மட்டுமானது, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள், வகையைச் சரிபார்க்க உதவும். நோயாளிகளின் சங்கங்களும் இருக்கின்றன, அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும், மகன் வயதுப் பிள்ளைகள் தாங்கள் சைக்கிள் ஓடுவதைப் பற்றியெல்லாம் அங்கே கதைக்கிறார்கள். அவனோடு சேர்ந்திருந்து அதைப் பாருங்கள்.

தமிழிலும் ஒன்று சொல்லலாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடை போடுகிற கொக்ரேன் என்ற அமைப்பு தன் சுருக்கங்கள் பலவற்றைத் தமிழிலும் போட்டிருக்கிறது. எல்லா வருத்தத்துக்கும் இருக்காது, ஆனால் ஆய்வு முடிவைத் தமிழில் எப்படி நிதானமாகச் சொல்லலாம் என்பதை வாசித்துப் பழக அது நல்ல இடம்.

நம்பிக்கைச் செய்திகளை எப்படி வாசிப்பது என்பதற்கு இந்த வருத்தத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2004 இல் பிரான்சில் 1ஏ வருத்தம் உள்ள எலிகளுக்கு விட்டமின் சி கொடுத்துப் பார்த்தார்கள், எலிகள் நன்றாக நடந்தன, நீண்ட நாள் உயிரோடு இருந்தன. உலகம் முழுக்க இந்த வருத்தக்காரர்கள் விட்டமின் சி வாங்கத் தொடங்கினார்கள், அது பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன். பிறகு இத்தாலியிலும் பிரித்தானியாவிலும் சேர்த்து இரண்டு வருடம் மனிதருக்குக் கொடுத்துப் பார்த்து 2011 இல் முடிவு வந்தது, பலன் இல்லை. 2013 இல் அமெரிக்காவிலிருந்து வந்த முடிவும் அதுதான். ஆகவே உங்கள் போனுக்கு ஒரு செய்தி வந்தால் முதலில் பாருங்கள், எலியிலா மனிதரிலா, எத்தனை பேரில், எந்த வகைக்கு. குணமாக்குகிறோம் என்று முற்பணம் கேட்டால் கதையை அதோடு நிறுத்துங்கள். இன்றைக்கு இந்த வருத்தத்தைக் குணமாக்குகிற மருந்து எந்த நாட்டிலும் இல்லை, கொழும்பில் இருப்பதால் நீங்கள் எதையும் இழக்கவில்லை.

ஆனால் மருந்து இல்லை என்பதற்கும் ஒன்றும் செய்ய முடியாது என்பதற்கும் நிறைய தூரம். அந்த ஒரு வரியைச் சொல்லி ஆறு மாதத்துக்கு அனுப்பிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பிசியோதெரபி இருக்கிறது, குதிக்காலுக்கு மேலே இருக்கிற தசைநார் இறுகாமல் இழுத்துப் பழக்குவது, இதைச் சிறு வயதில் தொடங்கினால்தான் முழுப் பலன். கணுக்காலைத் தாங்குகிற பிளாஸ்டிக் தாங்கி இருக்கிறது, அளவெடுத்துச் செய்தது, காற்சட்டைக்குள் தெரியாது, தடக்குவது பெரிதும் குறையும். ராகமையில் புனர்வாழ்வு ஆஸ்பத்திரி இருக்கிறது, அந்த மாதிரி இடத்துக்கு ஒரு கடிதம் கேளுங்கள். முதுகு வளைகிறதா என்று வளரும் வயதில் பார்த்துக்கொள்ள வேண்டும். நீச்சல் நல்லது. உடம்பு எடை கூடாமல் பார்ப்பது நல்லது. கணவருக்குச் சீனி வருத்தம் வராமல் பார்ப்பது மிக மிக நல்லது, ஏற்கனவே களைத்த நரம்பை அது இன்னும் கெடுக்கும்.

வின்கிறிஸ்டின் என்று ஒரு புற்றுநோய் மருந்து இருக்கிறது. 1ஏ உள்ளவர்களுக்கு அது கால்கையைத் திடீரென்று மோசமாக விழுத்திவிடும். வாழ்க்கையில் தேவைப்படாமலே போகலாம், இருந்தாலும் இருவரின் கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் அந்தப் பெயரைச் சிவப்பில் எழுதி வையுங்கள். மயக்க மருந்து கொடுக்கிற எந்த டொக்டரிடமும் வருத்தத்தின் பெயரைச் சொல்லுங்கள். அப்புறம், நரம்புக்கு நல்லது என்று பார்மசியில் கேட்டு வாங்குகிற பி விட்டமின் மாத்திரைகள், அவற்றில் பி6 இருக்கும். அதை அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். டொக்டர் எழுதாமல் வாங்க வேண்டாம்.

சக்கர நாற்காலி என்ற பயத்துக்கு ஒரு எண் சொல்கிறேன். 1 ஆம் வகையில் சக்கர நாற்காலியை நம்பி வாழ வேண்டி வருகிறவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. ஆயுள் குறைவதில்லை. ஆனால் ஒரே வீட்டிலேயே ஒருவருக்கு லேசாகவும் ஒருவருக்குக் கொஞ்சம் கூடவும் இருக்கும், ஒத்த இரட்டையர்களில்கூட வித்தியாசம் இருந்திருக்கிறது, ஆகவே கணவரைப் பார்த்து மகனையும் மகனைப் பார்த்து மகளையும் அளக்காதீர்கள்.

மகள். அப்பாவிடமிருந்து இது ஒவ்வொரு பிள்ளைக்கும் வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. மகனுக்கு வந்துவிட்டதால் அவளுக்கு வராது என்றும் இல்லை, அவனுக்கு வந்தது போல அவளுக்கும் வந்தே தீரும் என்றும் இல்லை. அவளுடைய பாதத்தை டொக்டர் ஒரு தடவை பார்க்கட்டும், குதிக்காலில் நடக்கச் சொல்லிப் பார்க்கட்டும். ஒன்றும் இல்லையென்றால் எட்டு வயதில் அவளுக்குக் கரண்ட் வைத்தோ இரத்தம் எடுத்தோ தேடுவதற்கு அவசரம் இல்லை, தெரிந்துகொள்ள வேண்டுமா என்று முடிவெடுக்கிற உரிமையை வளர்ந்த பிறகு அவளுக்கே விட்டுவைக்கலாம், இதையும் ஆலோசனை கொடுப்பவரோடு கதையுங்கள். நாளைக்கு அவளுடைய கலியாணத்துக்குப் பிரச்சினை வரும், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று வீட்டில் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கணவரின் சகோதரர்களுக்குச் சொல்ல வேண்டும், அவர்களுடைய பிள்ளைகளில் யாரோ ஒருவர் இப்போது "பார்த்து நட" என்று ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் பரம்பரையில் யாருக்கும் இல்லை என்று கணவர் சொன்னாராம். அவருடைய அப்பாவுக்கு இளம்பிள்ளை வாதம் வந்து கால் மெலிந்தது என்று அடுத்த பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு காலும் ஒரே மாதிரி மெலிந்து, விரல் மடங்கி, பாதத்தின் வளைவு உயர்ந்து இருந்ததா என்று பழைய படங்களில் பாருங்கள். போலியோ பெரும்பாலும் ஒரு காலைத்தான் கூடத் தாக்கும், அதுவும் ஒரு காய்ச்சலோடு ஒரேயடியாக. "எங்கட வீட்டுக் கால் மெல்லிசு" என்று சொல்லிச் சொல்லி மூன்று தலைமுறை நடந்திருக்கும். 2,500 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகச் சொல்வார்கள், அந்தக் கணக்கை இலங்கை முழுக்கப் பிரித்துப் பார்த்தால் எட்டாயிரத்துக்கு மேல் வரும். எண்ணி எடுத்தது இல்லை, வெறும் வகுத்தல், ஆனால் நீங்கள் மட்டும் இல்லை என்பது அதில் தெரிகிறது.

கணவர் மகனின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்படுகிறார் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அவருக்கு நான் நேராகச் சொல்கிறேன்: நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. உங்களுக்கே தெரியாத ஒரு பிழை உங்கள் வழியாகப் போயிருக்கிறது. 40 வயதுவரை அந்தக் காலோடு வேலைக்குப் போய், பஸ்ஸில் தொங்கி, குடும்பத்தைப் பார்த்த ஒருவர் வீட்டிலேயே இருப்பது அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய தைரியம். சட்டைப் பொத்தான் போடச் சிரமப்படும்போது நீங்கள் என்ன வழி கண்டுபிடித்தீர்கள் என்று அவனுக்குக் காட்டிக் கொடுங்கள், அதை எந்தப் பக்கத்திலும் வாசிக்க முடியாது.

பாடசாலைக்கு ஒரு மருத்துவக் கடிதம் கேட்டு வாங்குங்கள், எழுத்து மெதுவாவது கையால், சோம்பலால் இல்லை என்று அதில் இருக்கட்டும். சாதாரண தரப் பரீட்சை நேரத்தில் கூடுதல் நேரம் கேட்டு விண்ணப்பிக்கவும் இந்தக் கடிதங்கள்தான் உதவும், ஒவ்வொரு வருடமும் சேர்த்து வையுங்கள்.

இன்னொன்று. அடுத்த கிளினிக்குக்கு இரண்டு மாதம் இருக்கிறது என்றீர்கள். மகனின் பழைய பாடசாலைச் சப்பாத்து வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம். திருப்பி அடியைப் பாருங்கள், வெளி ஓரம் மட்டும் தேய்ந்து, நுனியில் உரசல் இருக்கும். தாங்கி செய்கிறவர் அந்தத் தேய்மானத்தைப் பார்த்துத்தான் எங்கே உயர்த்துவது என்று முடிவெடுப்பார். அதை ஒரு பையில் போட்டு, கிளினிக் புத்தகத்தோடு வையுங்கள், கணவருடைய ஒரு சோடியையும் சேர்த்து.